மூன்று படிகள் எங்கே போயின?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஒரு சிறு கணக்கோடு தொடங்குகின்றேன். என் அப்பாரு கட்டிய வீட்டின் வாசலில் மூன்று படிகள் இருந்தன. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இரண்டு இருந்தன. நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது ஒன்று இருந்தது. இன்று ஒன்றுமே இல்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கித்தான் போகவேண்டும். படிகளை யாரும் இடிக்கவில்லை. வீடும் பூமிக்குள் புதையவில்லை. தெரு உயர்ந்துவிட்டது.

வெள்ளகோவிலில் டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் வந்துவிடும் சிற்றூர் எங்களுடையது. மழை அரிதான சீமை. கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகளும், கொழுக்கட்டைப் புல்லும், வேல மரங்களும்தான் எங்கள் செல்வம். வானத்தைப் பார்த்துக் கும்பிட்டே வாழ்ந்த சனம் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில் என் தாயார் இடி இடித்தால் நடுங்கத் தொடங்கியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

என் தந்தையார் பிறருடைய தறிக்குடோனில் தறி ஓட்டுகின்றார். அம்மா வீட்டிலிருந்தபடியே தார் சுற்றிக் கொடுக்கின்றார். (எங்கள் வீட்டில் தார் என்றால் ஊடை நூல் சுற்றிய குச்சி. தெருவில் தார் என்றால் வேறு. இரண்டு தாரும் ஒன்றையொன்று பகைத்துக்கொள்ளும் என்று அன்று யாரும் எண்ணவில்லை!) சென்ற ஐப்பசியில் ஓர் இரவு பெய்த மழையில் தெருத் தண்ணீர் முழுதும் எங்கள் வீட்டை நோக்கி ஓடிவந்தது. விழித்தபோது என் பாய் நனைந்திருந்தது. அம்மா பாயைப் பார்க்கவில்லை, என் புத்தகங்களையும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த நூல் மூட்டையை நோக்கி ஓடினார். கோன்களின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. நனைந்த நூலுக்கான பணம் அடுத்த மூன்று வாரக் கூலியில் பிடிக்கப்பட்டது. கொடுத்தவரைக் குறை சொல்வதற்கில்லை, நூல் அவருடையது. ஆனால் தண்ணீர் யாருடையது? இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

எங்கள் தெருவில் கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான். ஆகவே மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "டிகிரி படிக்கிற பையன், நல்லா நாலு வார்த்தை இங்கிலீஷ்ல போட்டு எழுது கண்ணு" என்றார் எதிர் வீட்டுப் பெரியவர். தமிழிலேயே எழுதினேன். எழுதத் தொடங்கியதும்தான் என் அறியாமை எனக்கே விளங்கிற்று. தெரு எவ்வளவு உயர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "ரொம்ப ஏறிப்போச்சுங்க" என்று மனுவில் எழுத முடியுமா?

என் தாய்மாமன் கொத்தனார். அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து டியூப் மட்டத்தை எடுத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்; உள்ளே தண்ணீர்; அவ்வளவுதான். ஒரு முனையைத் தெரு நடுவில் நட்ட குச்சியோடு நான் பிடித்தேன். மறுமுனையை வீட்டுச் சுவரோடு அவர் பிடித்தார். இணைந்த கலங்களில் திரவம் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று நாம் பாடத்தில் படிக்கின்றோமே, அதை என் மாமா முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகின்றார். "என்ன மாப்ள, காலேஜ்ல இத வேற சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டார். அளந்ததில் எங்கள் வீட்டுத் தரையைவிடத் தெருவின் நடுப்பகுதி 9 செ.மீ. உயரம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மண் பாதையாக இருந்த தெருவில் முதலில் 75 மி.மீ. கனத்தில் இரண்டு ஜல்லிப் படுகைகள் போட்டு, மேலே 20 மி.மீ. தார்க் கலவை விரித்தார்கள் எனக் கொள்வோம். கிராமச் சாலைகளில் வழக்கமான கனங்கள் இவை. 17 செ.மீ. ஆயிற்று, ஒரு படி போயிற்று. பின்னர் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு ஜல்லிப் படுகையும் தார்க் கலவையும்: மொத்தம் 19 செ.மீ. அதன்பின் 15 செ.மீ. கான்கிரீட். கூட்டினால் 51. அப்பாருவின் மூன்று படிகளோ அரையரை அடியாக 45 செ.மீ. தான். தெரு நடுவில் நீர் வழியும்படி வைக்கும் சாய்வுக்கு மூன்று நான்கு செ.மீ. சேர்த்துக்கொண்டால், குழாய் காட்டிய அளவுக்கு ஏறத்தாழ வந்து சேருகின்றது. ஒவ்வொரு முறையும் சாலை போட்டவர்கள் நல்ல காரியம்தான் செய்தார்கள். பழையதன் மேலேயே போட்டார்கள் என்பது ஒன்றுதான் பிழை.

"பழைய தளத்தைச் சுரண்டி எடுத்தால் செலவாகுமே" என்று ஒரு நண்பர் வாதிட்டார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய படுகை புதியதற்கு வலுச் சேர்க்கின்றது. வயல்களுக்கும் காடுகளுக்கும் இடையே போகும் சாலை உயர்வது நல்லதே. அங்கு தண்ணீர் தேங்காது. ஆனால் இருபுறமும் வீடுகள் உள்ள தெரு அப்படிப்பட்டதன்று. அங்கு வீடு மேலே, தெரு அதற்குக் கீழே, சாக்கடை எல்லாவற்றிற்கும் கீழே இருக்கவேண்டும். இந்த வரிசை தலைகீழானால் எத்தனை அழகாகத் தார் போட்டாலும் அது தெரு ஆகாது, கரையாகும். சுரண்டி எடுத்த தார்த் தளமும் வீணன்று. அதைப் பொடித்துப் புதிய கலவையிலும் அடிப்படுகையிலும் சேர்க்கின்றார்கள்.

இது நான் கண்டுபிடித்த புதுமையன்று. 2021-ஆம் ஆண்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் திரு. வெ. இறையன்பு அவர்கள், பழைய மேற்தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போடவேண்டும், சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் நீர் புகக்கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். செய்தித்தாளில் வந்தது, தேநீர்க் கடையில் பேசினோம், பாராட்டினோம். பாராட்டியதோடு நாம் நின்றுகொண்டோம்.

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரமும் ஒரு காலத்தில் தன் தெருக்களை உயர்த்தியது. ஏரிக்கரைச் சேற்றில் இருந்த நகரம். கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தெருவை உயர்த்தியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் தெருவோடு கட்டடங்களையும் உயர்த்தினார்கள்! 1860-இல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்களை 600 ஆட்கள் 6000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு நாலடிக்கு மேல் தூக்கினார்கள். கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்ததாம். இன்று நம் தமிழ்நாட்டிலும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகின்றார்கள். ஆனால் பணம் உள்ளவர் தம் வீட்டைத் தூக்கிக்கொள்கின்றார். அவர் வீட்டு வாசலில் நிற்காத தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகின்றது.

பணம் இல்லையென்று ஓர் அமைப்பு கைவிரிக்கலாமா? மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டனர். வடிகால் கட்டித் தரும்படி உத்தரவாயிற்று. நிதி இல்லையென்று நகரமன்றம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாதென்று தீர்ப்பளித்தார். அந்தப் பிரிவு 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கின்றது. சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். எங்கள் தெருவுக்கு இதை முதன்முதலாகச் சொன்னவன் நான்தான். யாரும் கோர்ட்டுக்குப் போகத் தயாராக இல்லை. ஆனால் அன்று பேச்சில் ஒரு நிமிர்வு தெரிந்தது.

நம் பக்கக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. டி.வி.எஸ். வண்டியை ஏற்றுவதற்காகச் சாக்கடைமேல் பலகைக் கல் போட்டு மூடியவர் என் தந்தையார். அந்தக் கல்லுக்கடியில் மண்ணும் பஞ்சும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடந்ததை மழைக்குப் பின் நானே கையால் அள்ளினேன். பக்கத்து வீட்டார் தெருவிற்குள் ஒரு முழம் நீட்டிச் சாய்வு கட்டியிருக்கின்றார். தெரு எல்லாருக்கும் சொந்தம் என்பதை எல்லாரும் தனக்குச் சொந்தம் என்று பொருள்கொள்கின்றோம். 'புறம்போக்கு' என்ற நல்ல வருவாய்த்துறைச் சொல், வசைச்சொல் ஆகிவிட்ட நாடல்லவா இது!

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெள்ளகோவில் வழியே செல்லும் திருச்சி–கோவை நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சளும் வெள்ளையும் பூசியிருக்கின்றார்கள். 67 என்றிருந்த அதன் எண் 81 என மாறியபோது கல்லிலும் பலகையிலும் மாற்றி எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பாதையின் ஓரத்திலும் ஒரு கல் உண்டு. தளம் மேல் தளம் ஏறி அது கழுத்துவரை புதைந்துவிட்டது. தலை மட்டும் தெரிகின்றது. எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மண்ணுக்கடியில் இருக்கின்றது. பெரிய சாலைக்குக் கேட்பார் இருக்கின்றார். சிறு தெருவுக்குத் திறப்பு விழா மட்டுமே இருக்கின்றது.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டமொன்றும் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் கோயில் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ ஒரு மட்டக் கோடு வரையவேண்டும். 'இத்தெருவின் உயரம் இக்கோட்டைத் தாண்டலாகாது' என்று பெயர்ப்பலகையைப் போல எழுதி வைக்கவேண்டும். எழுத்தறியாதவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். இந்தியாவின் மாபெரும் நில அளவை 1802-இல் நம் சென்னையில்தான் தொடங்கிற்று. தேசத்தையே அளந்த மண்ணில் ஒரு தெருவை அளப்பது இயலாத காரியமா?

மனுவை அளவுக் கணக்கோடு கொடுத்தோம். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்திருக்கின்றது. போட்ட கான்கிரீட்டை இனி உடைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த தெருவில் விரைவில் வேலை தொடங்கப்போவதாகச் சொல்கின்றார்கள். அத்தெருக்காரர்கள் சென்ற ஞாயிறன்று மாமாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். டியூப் மட்டம் பிடித்து, மாரியம்மன் கோயில் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்திருக்கின்றோம். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

எங்கள் வீட்டு வாசலில் அப்பா இரண்டு வரிசைச் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டிவிட்டார். தங்கை அதைத் தாண்டிக் குதிக்கின்றாள். அப்பத்தாவால் முடியவில்லை, வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.