மூலைக்கோடும் அடிமைப் பையனும்

கணக்கும் தத்துவமும் மேன்மக்களின் சொத்தாம். உழைக்கிறவன் மண்டையில் அவை ஏறாதாம். இப்படி ஓதுகிறவர்கள் சாட்சிக்கு எப்போதும் பண்டைக் கிரேக்கர்களையே கூப்பிடுகிறார்கள். நல்லது. அதே சாட்சிகளை நாமும் கூண்டில் ஏற்றுவோம்.

கி.மு. 530-ஐ ஒட்டி, தெற்கு இத்தாலியில் குரோட்டன் என்ற கிரேக்க நகரில் பித்தாகரஸ் ஒரு சபை கூட்டினார். மறுபிறப்பு உண்டு, உள்ளே கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பதெல்லாம் சபையின் கொள்கை. தந்தியைப் பாதியாக்கினால் மேல்ஸ்தாயி பேசுகிறது. ஆகவே உலகமே முழு எண்களின் விகிதத்தில் அடங்கிவிட்டது என்றார்கள். தந்தி விஷயம் உண்மைதான். அங்கிருந்து தாவிய தாவல்தான் பொய்.

பொய்யை உடைத்தது ஒரு சாதாரணச் சதுரம். மூலைக்கு மூலை கோடு இழுங்கள். பக்கத்தையும் மூலைக்கோட்டையும் மிச்சமின்றி அளக்கும் ஒரே அளவு உண்டா? உண்டென்று வைத்துக்கொள்வோம். மூலைக்கோட்டின் மேல் எழுப்பும் சதுரம், பழைய சதுரத்தைப்போல் சரியாக இரு மடங்கு. அதனால் மூலைக்கோட்டின் எண் இரட்டைப்படையாகிறது. அதிலிருந்து பக்கத்தின் எண்ணும் இரட்டைப்படையாகிறது. இரண்டையும் பாதியாக்கினால் மறுபடியும் அதே கதை. முழு எண்ணை முடிவில்லாமல் பாதியாக்க முடியுமா? முடியாது. அங்குலத்தைக் கோடி கூறாகப் பிளந்தாலும் அந்தப் பொது அளவு கிடைக்காது.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே பாபிலோன் எழுத்தர்கள் இந்தக் கோட்டின் நீளத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் களிமண் பலகையில் பதித்திருந்தார்கள். வேலைக்கு அது போதும். சித்தாந்தத்துக்குத்தான் போதவில்லை!

ரகசியத்தை வெளியிட்டவனைச் சபை தள்ளிவைத்து, உயிரோடிருக்கையிலேயே சமாதி கட்டியது என்றும், தெய்வ கோபத்தால் அவன் கடலில் மூழ்கினான் என்றும் இயாம்பிளிக்கஸ் எழுதுகிறார். அவர் எழுதியது சுமார் 800 ஆண்டுகளுக்குப் பின். ஹிப்பாசஸ் என்ற பெயரைக்கூட அவர் வேறொரு ரகசியத்தோடு சேர்த்தே சொல்கிறார். கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அறிவை ஊராருக்குச் சொன்னவனுக்குத் தண்டனை என்ற நீதி யாருக்கு இனித்தது?

இனி பிளேட்டோ. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'மெனோன்' நூலில் சாக்ரட்டீஸ் ஓர் அடிமைப் பையனைக் கூப்பிட்டு 2 அடிச் சதுரம் வரைகிறார். இதைப்போல் இரு மடங்கு பரப்புக்குப் பக்கம் எவ்வளவு? 4 அடி என்கிறான். பரப்பு நாலு மடங்காகிறது. 3 அடி என்கிறான். 8 வரவேண்டிய இடத்தில் 9 வருகிறது. எண்ணால் சொல்ல முடியாவிட்டால் கோட்டையாவது காட்டு என்கிறார். கேள்விமேல் கேள்வி கேட்டு, படத்தையும் வரைந்ததும், பையன் மூலைக்கோட்டைக் காட்டிவிடுகிறான்!

பையன் புத்திசாலி என்றா பிளேட்டோ முடிவு கட்டினார்? இல்லை. பிறக்கும் முன்பே அறிந்திருந்ததை அவன் ஆத்மா நினைவுகூர்ந்ததாம். இரண்டு முறை தவறி, பார்த்துத் திருத்திக்கொண்டவன் பையன். கூலி போனது ஆத்மாவுக்கு. போகட்டும், ஆண்டையின் ஆத்மா அறிந்ததை அடிமையின் ஆத்மாவும் அறிந்திருக்கிறதே, பிறகு அவன் ஏன் அடிமை? அந்த நூலில் எவரும் இதைக் கேட்கவில்லை. பையன் மெனோனின் வீட்டில் பிறந்தவன், கிரேக்கம் பேசுகிறவன் என்று எழுதியிருக்கிறது. பெயர் எழுதியிருக்கவில்லை.