பல்பைக் கழட்டிட்டா ஆச்சா?

போன தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும், அமெரிக்காவிலிருந்து என் பெரியம்மா பொண்ணு போன் பண்ணினா. அங்கே பகல். வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடுறானு எடுத்தேன். "டேய், டாக்டர்கிட்ட இன்ஷூரன்ஸ் கார்டு காட்டாம கையில காசு கொடுத்துப் பார்த்தா ரெக்கார்டு எதுவும் இருக்காதுல்ல?"னு கேட்டா. மெக்கானிக்கல் படிக்கிறவன்கிட்ட இதை ஏன் கேக்குறானு எனக்கு விளங்கல. வீட்டுல வேற யார்கிட்டயும் கேக்க முடியாதுங்கிறது அப்புறம்தான் உறைச்சுது.

அக்கா அங்கேயே பிறந்தவ. மெடிக்கல் இரண்டாம் வருஷம். செலவு முழுக்க ராணுவத்தோடது. எச்.பி.எஸ்.பி.னு ஒரு ஸ்காலர்ஷிப், 1972-லிருந்து இருக்கு. ஃபீஸ், புத்தகம் எல்லாம் அவங்க கட்டிடுவாங்க, மாசாமாசம் கைச்செலவுக்கும் பணம் வரும். பதிலுக்கு, நாலு வருஷம் படிக்க வச்சா நாலு வருஷம் ராணுவ டாக்டரா வேலை பார்க்கணும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே பேருக்கு செகண்ட் லெப்டினன்ட். ஆனா யூனிஃபார்ம் போடுறது வருஷத்துல சில வாரம்தான். மத்த நாளெல்லாம் நம்மள மாதிரி பேக் மாட்டிக்கிட்டு கிளாஸுக்குப் போற பொண்ணு.

அந்தப் பொண்ணுக்கு மூணு மாசமா தூக்கம் இல்ல. காலேஜ் பார்க்கிங்ல காரை நிறுத்திட்டு, இறங்க முடியாம அரை மணி நேரம் அழுதுட்டு உள்ளே போறா. காலேஜ்லயே இலவச கவுன்சலிங் இருக்கு. போகல. போனா ராணுவத்துக்குத் தெரிஞ்சிடும், ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கிடுவாங்க, கட்டின பணத்தைத் திருப்பிக் கேப்பாங்கனு சீனியர்கள் சொல்லிட்டாங்களாம். பெரியப்பா வீட்டை அடமானம் வச்சாலும் தேறாத தொகை அது.

அன்னைக்கு ராத்திரியே நான் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். (செமஸ்டருக்கு இவ்வளவு படிச்சிருந்தா அரியர் இருந்திருக்காது.) பயத்துல பாதி நிஜம், பாதி வதந்தி. ராணுவத்துல சேர வர்றவங்களுக்கு ஒரு மருத்துவ விதி, ஏற்கனவே இருக்கிறவங்களைத் தொடர்ந்து வச்சுக்கலாமானு பார்க்க வேறொரு விதி. முதலாவது கறார்: மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த வரலாறே தகுதிக் குறைவா ஆகலாம், சிலருக்கு விலக்கு கிடைக்கும். இரண்டாவது, வேலையைச் செய்ய முடியுதாங்கிறதைத்தான் முக்கியமா பார்க்குது. ஸ்காலர்ஷிப் மாணவர் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறார். சீனியர்கள் முதல் விதியைச் சொல்லிப் பயமுறுத்துறாங்க.

இன்னொரு வதந்தி, பாதுகாப்பு அனுமதி கிடைக்காதுங்கிறது. அதுக்கான எஸ்.எஃப்.86 படிவத்தைத் திறந்து பார்த்தேன். 21-வது கேள்விதான் மனநலம் பத்தினது. கவுன்சலிங் போனீங்களானு அது கேக்கவே இல்ல. நீதிமன்ற உத்தரவு, மருத்துவமனையில் சேர்த்தது, குறிப்பிட்ட சில தீவிர நோய்கள் இந்த மாதிரிதான் கேக்குது. 2021-ல பிராண்டன் சட்டம்னு ஒண்ணும் வந்திருக்கு. பிராண்டன் கசெர்டாங்கிற கடற்படை வீரர் 2018-ல இறந்த பிறகு, அவரோட அப்பா அம்மா போராடி வாங்கினது. காரணமே சொல்லாம மேலதிகாரிகிட்ட மனநல உதவி கேக்கலாம், அவர் அனுப்பியே ஆகணும். நல்ல சட்டம்தான். ஆனா கிளாஸ்ரூம்ல இருக்கிற அக்காவுக்கு அந்த மேலதிகாரி யாரு? பதில் கிடைக்கல.

ராணுவத்தோட பக்கத்தையும் நான் தள்ளல. போர்க்களத்துல ஆபரேஷன் செய்யப்போறவர் தாங்குவாரானு பார்க்க அவங்களுக்கு உரிமை உண்டு. நான் கேக்குறது வேற. மருத்துவ மாணவர்கள் பத்தி 43 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல 'ஜாமா' இதழ்ல ஒரு கட்டுரை வந்துது. மனச்சோர்வோ அதோட அறிகுறிகளோ இருந்தவங்க 27.2 சதவீதம். சோதனையில மனச்சோர்வு தெரிஞ்சவங்கள்ல சிகிச்சைக்குப் போனவங்க 15.7 சதவீதம்தான். ராணுவக் கையெழுத்து எதுவும் போடாத சாதாரண மாணவர்களும் சேர்ந்த கணக்கு இது. அது மேல பல லட்ச ரூபா கடன் பயத்தையும் ஏத்தினா என்ன ஆகும்?

பைக்ல ஆயில் லைட் எரிஞ்சா சிலர் பல்பைக் கழட்டிட்டு ஓட்டுவாங்க. என் ரூம்மேட்டே செஞ்சிருக்கான், இன்ஜின் சீஸ் ஆச்சு. சிகிச்சைக்குப் போறவரைச் சந்தேகமா பார்க்கிற எந்த ஏற்பாடும் தன் ஆட்களுக்குப் பல்பைக் கழட்டத்தான் சொல்லிக் கொடுக்குது. நோய் இருக்கிறவங்க ராணுவத்துக்குள்ள வந்துட்டுதான் இருப்பாங்க, மறைக்கத் தெரிஞ்சவங்களா வருவாங்க. கையெழுத்து வாங்குற அன்னைக்கே, "இதுக்கு இதுக்கெல்லாம் போகலாம், இதைத் தெரிவிக்கணும், தெரிவிச்சா இதுதான் நடக்கும்"னு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாமே. அத்தனை பக்க ஒப்பந்தத்துல அதுக்கு மட்டுமா இடமில்ல?

சிரிக்காதீங்க, நாமளும் ஒழுங்கில்ல. நம்ம காலேஜ் கவுன்சலர் ரூம் ஹெச்.ஓ.டி. ரூமுக்கு நேர் எதிர்ல இருக்கு. நாலு வருஷத்துல அந்தக் கதவைத் தட்டின ஒருத்தரையாவது நீங்க பார்த்திருக்கீங்களா? பிளேஸ்மெண்ட் மெடிக்கல்ல கேப்பாங்களோனு நானே ஒரு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கேன். அப்படித் திரும்புறவங்க 14416-க்கு அடிச்சுப் பாருங்க. டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நம்ம ராணுவத்தினருக்குனு தனியா ஒரு டெலி மானஸ் பிரிவு 2023 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க. எங்கே தெரியுமா? புனேல, ராணுவ டாக்டர்கள் படிக்கிற ஏ.எஃப்.எம்.சி.யிலேயே.

அக்கா இப்போ காலேஜ் கவுன்சலிங்குக்குத்தான் போறா, காசு கொடுத்து இல்ல. மறைச்சுட்டுப் பின்னாடி மாட்டினா பொய் சொன்ன குற்றமும் சேரும்னு நான்தான் சொன்னேன். தூக்கம் கொஞ்சம் வருதாம். பேர், ஊர் போடாம எழுதிக்கோனு அனுமதியும் கொடுத்தா. உடல்நிலையில மாற்றம் இருந்தா ராணுவத்துக்குத் தெரிவிக்கிற படிவம் அடுத்த மாசம் வருது. என்ன எழுதுறதுனு இன்னும் முடிவு பண்ணல. பெரியம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.