குனிந்த தலை குற்றவாளியின் தலையா?

"பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான்." ஆளுமை வளர்ச்சி வகுப்புகளிலும் கல்லூரி மேடைகளிலும் இந்த வரியைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கைதட்டல் வாங்கும் இந்த வரி தவறு. அப்பாவிகளைத் தண்டிக்கிற தவறு.

உலகமே நம்புகிறதே என்பார்கள். நம்புகிறதுதான். 58 நாடுகளில் கேட்டபோது, பொய்யின் அடையாளமாக மக்கள் அதிகம் சொன்னது இதைத்தான். ஆனால் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளை உளவியல் ஆய்வாளர்கள் பாண்ட், டிபாலோ இருவரும் 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, மெய்யையும் பொய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

அனுபவசாலிகளுக்குத் தெரியும் என்பது அடுத்த வாதம். மேடைப் பேச்சாளர்கள் கொண்டாடும் உளவியலாளர் பால் எக்மனே 1991-இல் போலீசாரையும் நீதிபதிகளையும் மனநல மருத்துவர்களையும் சோதித்தார். குருட்டு ஊகத்தை அவர்கள் தாண்டவில்லை. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவினர் மட்டுமே தேறினார்கள்.

வலப்பக்கம் மேலே பார்த்தால் பொய் என்ற இன்னொரு நம்பிக்கையை உளவியலாளர் வைஸ்மனின் குழு 2012-இல் சோதித்தது. அதற்கு ஆதாரமே இல்லை.

என்னை உண்மையில் கொதிக்க வைப்பது வேறு. "பெரியவங்க பேசும்போது என்ன மொறைக்கிற? தலையக் குனி" என்று சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். வகுப்பில் பணம் காணாமல் போகிறது. அதே பிள்ளை ஆசிரியர் முன் தலைகுனிந்து நின்றால், "கண்ணைப் பார்த்துச் சொல்லு, நீதானே எடுத்த?" என்று அதட்டுகிறோம். மரியாதை என்று கற்றுக்கொடுத்ததே அங்கே குற்றச்சாட்டாகிவிடுகிறது. பண்ணை முதலாளி முன்னும் காவல் நிலைய மேசை முன்னும் நிற்கும் கூலிக்காரருக்கும் இதே கதிதான். நிமிர்ந்து பார்த்தால் திமிர், குனிந்தால் திருட்டு. அவர் எங்கேதான் பார்ப்பது? சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களோ ஒவ்வொருவரின் கண்ணையும் நேராகப் பார்த்து, குடும்ப நலம் விசாரித்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

பொய்யைப் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. கையிலிருக்கும் ஆதாரத்தை முதலிலேயே காட்டிவிடாமல், ஆளை முழுதாகப் பேசவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஸ்வீடனில் காவல் பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் சுமார் 85 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். அந்தப் பயிற்சி பெறாதவர்கள் 56 சதவீதம்தான். வகுப்பறையிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன: பை எங்கே இருந்தது, இடைவேளையில் உள்ளே யார் இருந்தார்கள், கடைசியாகப் பணத்தை எண்ணியது எப்போது?