வேலை அறிவிப்பு ஊராட்சிப் பலகைக்கு வரட்டும்

பிளஸ் 2 முடிவு வந்துவிட்டால் பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பாஸ்போர்ட் எடுத்தாச்சா, துபாயா, சவுதியா? வளைகுடாப் பணத்தைக் குறை சொல்லவில்லை. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஆனால், ஒரு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்துக்குள்ளேயே வேலை தருகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1971-ல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் கோவை. ஆனால் ராமநாதபுரத்தில் அதன் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும், பரமக்குடியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வறட்சி தாங்கும் அண்ணா (ஆர்) 4 நெல் 2009-ல் பரமக்குடியிலிருந்துதான் வந்தது.

பல்கலைக்கழக வேலை என்றதும் பேராசிரியரை மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வேளாண் அறிவியல் நிலையத்துக்கு 16 பணியிடங்கள். தலைவரும் 6 பாட வல்லுநர்களும் போக மீதி 9 இடங்கள் பண்ணை மேலாளர், ஆய்வக உதவியாளர், கணினி உதவியாளர், அலுவலகப் பணியாளர், ஓட்டுநர், கடைநிலை உதவியாளர் போன்றவை. இவை தவிர ஆராய்ச்சித் திட்டங்களில் பட்டதாரிகளுக்கும் டிப்ளமா படித்தவர்களுக்கும் ஒப்பந்தப் பணிகள் வருகின்றன. திட்டம் முடிந்தால் இந்த வேலையும் முடியும். அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். ஆனாலும் அங்கே பழகிய கைக்கு அடுத்த வேலை எளிது. இரண்டு ஆண்டு வேளாண் டிப்ளமா முடித்தவர், டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கும்போது உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

குறை எங்கே? அறிவிப்பு இணையதளத்தில் வருகிறது. கடலோரக் கிராமத்தில் அது காதில் விழும்போது பெரும்பாலும் தேதி முடிந்திருக்கும். கோவையில் காலையில் நேர்காணல் என்றால் முதல் நாளே பஸ் ஏற வேண்டும். பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் வீடுகள் அங்கேயே விட்டுவிடுகின்றன.

ஆகவே, ராமநாதபுரம், பரமக்குடி நிலையங்களுக்கான ஒப்பந்தப் பணி அறிவிப்புகளை ஊராட்சி அலுவலகம், வேளாண்மை விரிவாக்க மையம், கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவற்றின் பலகைகளில் ஒட்ட வேண்டும். நேர்காணலையும் இங்கேயே நடத்த வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் எந்த மாதம் உவர்க்கும், எந்த வயலில் குண்டு மிளகாய் நாற்று கருகும் என்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்த பிள்ளை உவர்நில ஆராய்ச்சிக்குள் வந்தால், ஆராய்ச்சிக்கும் லாபம்தான்.

விரிவாக்கப் பணியாளர்களே, அடுத்த கூட்டத்தில் உர மானியத்தோடு இதையும் சொல்லுங்கள். பெற்றோர்களே, தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் இப்போதே பிள்ளையோடு ஒருமுறை அந்த நிலையத்துக்குப் போய் விசாரியுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.