பக்கவாதத்திற்குப் பின் பார்வையையும் சோதிக்கக் கேளுங்கள்

பக்கவாதத்திலிருந்து தேறி வருபவரிடம் யாவரும் கேட்பவை இரண்டு: கை கால் அசைகின்றனவா, பேச்சுத் தெளிவாக உள்ளதா? பார்வையைப் பற்றிக் கேட்போர் குறைவு. நோயாளி வீடு திரும்பும் முன் அந்தக் கேள்வியும் கேட்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கண் அனுப்பும் செய்தியைக் காட்சியாக உணர்வது தலையின் பின்புறத்தில் உள்ள மூளைப் பகுதி. அதன் வலப்பாதி நமக்கு இடப்புறம் உள்ளவற்றையும், இடப்பாதி வலப்புறம் உள்ளவற்றையும் காண்கிறது. ஒரு பாதிக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டால், இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பார்வை மறையும். கண்கள் நலமாகவே இருக்கும். ஆகவே கண்ணாடியை மாற்றினாலும், கண்புரையை அகற்றினாலும் இக்குறை தீராது.

மறைந்த பக்கம் இருட்டாகத் தோன்றுவதில்லை; அங்கு ஒன்று இருப்பதே உணரப்படுவதில்லை. ஆதலால் பலர் தம் குறையைத் தாமே அறிவதில்லை. இலையின் ஒரு பக்கத்துக் கறி தொடப்படாமல் கிடக்கும். கதவு நிலையில் தோள் இடிக்கும். வலப்பக்கம் மறைந்தவருக்குப் படிக்கும் வரியில் அடுத்த சொல் தெரியாது. இடப்பக்கம் மறைந்தவருக்கு வரியின் தொடக்கமே அகப்படாது. இவற்றைக் கவனக்குறைவென்றும் முதுமையென்றும் வீட்டார் கடிந்துகொள்வது நியாயமன்று.

'முதலில் கை கால் சரியாகட்டும், கண்ணைப் பிறகு பார்க்கலாம்' என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில், கை கால் நன்கு தேறியவருக்கே ஆபத்து மிகுதி. அவர்தாம் மீண்டும் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குச் செல்வார். பார்வைப் புலச் சோதனை செய்து மருத்துவர் இசைவு தரும்வரை வாகனம் ஓட்டலாகாது. அச்சோதனையில் வலி ஏதும் இல்லை.

பார்வை தானாக மீள்வதாயின், பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் மீளும். எஞ்சிய குறையைப் பயிற்சியால் ஓரளவு ஈடுசெய்யலாம். மறைந்த பக்கம் நோக்கிக் கண்ணையும் தலையையும் திருப்பித் தேடிப் பார்க்கும் பழக்கம் நடமாட்டத்தை எளிதாக்கும். வரியின் ஓரத்தில் அளவுகோலை வைத்துப் படிக்கலாம். வீட்டார் அப்பக்கமாக வரும்போது குரல் கொடுத்து வரலாம். நடைபாதையில் பொருள்கள் கிடவாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். திடீரென ஒரு பக்கப் பார்வை மறைவதும் பக்கவாதத்தின் அறிகுறியே. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் தர வேண்டும். எனவே கண்ணாடிக் கடைக்குச் செல்லாமல், உடனே பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு வாருங்கள்.