கப்பல்துறைத் தொழிலாளியின் உரிமையும் நல்ல அதிகாரியின் தயவும்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம், உடன்பாடில்லாதோர் தாராளமாக மறுக்கலாம்.

‘பாபிலோன் 5’ என்னும் அமெரிக்க அறிபுனைத் தொடரின் முதற்பருவத்தில், 1994 மே மாதம் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்று உண்டு. பெயர் ‘பை எனி மீன்ஸ் நெசஸரி’. எந்த வழியிலேனும் என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் காத்ரின் டிரென்னன். விண்வெளி நிலையமொன்றின் கப்பல்துறையில் நடக்கும் வேலைநிறுத்தமே கதை. தொழிலாளர் போராட்டத்தை மதித்து நடத்திய தொலைக்காட்சிப் படைப்புகளின் வரிசையில் இதற்கு முதலிடம் தருவது நம் ஆய்வு மாணவர் வட்டங்களில் வழக்கமாகிவிட்டது. திரையிடுகிறோம், இறுதிக் காட்சியில் கமாண்டர் சின்கிளேருக்குக் கை தட்டுகிறோம். அந்தக் கைதட்டலோடுதான் எனக்கு வழக்கு.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழுதான கருவிகளையும் பற்றாக்குறையான ஆட்களையும் கொண்டு இயங்கும் கப்பல்துறையில் விபத்து நேர்கிறது. ஒரு தொழிலாளி இறக்கிறார். நியோமா கானலி என்னும் பெண்ணின் தலைமையில் சங்கம் கூடுதல் ஆட்களையும் புதிய கருவிகளையும் கேட்கிறது. இவர்கள் அரசுப் பணியில் இருப்பவர்கள். வேலைநிறுத்தம் இவர்களுக்குச் சட்டவிரோதம். ஆகவே உடல்நலமில்லை என்று சொல்லி மொத்தமாக விடுப்பெடுக்கிறார்கள். பூமியிலிருந்து ஓரின் ஸெண்டோ என்னும் பேச்சுவார்த்தையாளர் வருகிறார். நிதியில்லை என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. பேச்சு முறிகிறது. படைபலத்தைப் பயன்படுத்தவும் இடந்தரும் ‘ரஷ் சட்டம்’ ஏவப்படுகிறது. பாதுகாவலர்கள் ஒருபுறமும் தொழிலாளர்கள் மறுபுறமுமாக நிற்க, கைகலப்பு தொடங்கிய நிலையில் சின்கிளேர் சட்டத்தின் வாசகத்தை எடுத்துக்கொள்கிறார். வேலைநிறுத்தத்தை எந்த வழியிலேனும் முடிக்கும் அதிகாரம் தமக்கு இருக்கிறதென்றால், தாம் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான் என்கிறார்: நிலையத்தின் இராணுவ நிதியிலிருந்து 13 லட்சம் கிரெடிட்டை எடுத்துப் புதிய ஆட்களுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்குகிறார், போராடியவர்களுக்குப் பொதுமன்னிப்பும் வழங்குகிறார். ஸெண்டோ வாயடைத்து நிற்கிறார். நாம் கை தட்டுகிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வேலைநிறுத்தத் தடை நீங்கியதா? இல்லை. ரஷ் சட்டம் திரும்பப் பெறப்பட்டதா? அதுவும் இல்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டே சிக்கல் தீர்க்கப்பட்டதால், அதற்கு முன்பில்லாத ஒரு நற்பெயர் வேறு சேர்ந்துவிட்டது. பொதுமன்னிப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கப்பட வேண்டிய குற்றமொன்று நடந்தது என்னும் ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. தோழர் இறந்ததற்காக வேலையை நிறுத்தியவர்கள் குற்றவாளிகள், பெருந்தன்மையால் விடப்படுகிறார்கள். தீர்வு எழுதப்படும் கணத்தில் அதை ஏற்றுக்கொள்வது மட்டுமே நியோமாவுக்கு விடப்பட்ட பணி.

தலைப்பின் வரலாறும் இங்கே கவனத்திற்குரியது. 1964இல் மால்கம் எக்ஸ் இத்தொடரைத் தம் மேடைப்பேச்சால் உலகறியச் செய்தபோது, அது ஒடுக்கப்பட்டவர்கள் தம் உரிமையைப் பற்றிப் பேசிய மொழி. இந்த அத்தியாயத்தில் அது முதலில் அரசின் சட்டப்புத்தகத்திற்குள் போகிறது. பிறகு நல்ல அதிகாரி ஒருவரின் நாவுக்கு வருகிறது. தொழிலாளர் நாவுக்கு அது கடைசிவரை வந்து சேரவில்லை. தொழிலாளர் பக்கம் நிற்கும் படைப்பு என்று இதைப் புகழ்வோர் இந்த இடமாற்றத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதி நான் கண்டதில்லை.

சின்கிளேர் நமக்குப் பிடித்துப்போவதற்கு நம் தொழிலே காரணம் என்பது என் ஐயம். பிரதிகளை நுணுகி வாசித்துப் பிழைப்பவர்கள் நாம். வாசிப்பினாலேயே வெல்லும் நாயகன் கிடைத்தால் மயங்காமல் என்ன செய்வோம்? அதே அத்தியாயத்தின் கிளைக்கதையும் இந்த மயக்கத்துக்கு எண்ணெய் வார்க்கிறது. நார்ன் தூதர் ஜீகாருக்குச் சமயச் சடங்கொன்றை உரிய நேரத்தில் செய்ய வேண்டும். சூரிய ஒளி அவர்களுடைய புனித மலையைத் தொடும் நேரம் அது. அதற்குத் தேவையான செடி தாமதமாகக் கிடைக்க, நேரம் கடந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அம்மலையைத் தொட்ட சூரிய ஒளி இனிமேல்தான் நிலையத்தை வந்தடையும், அந்த நேரத்தில் செய்யலாமே என்று சின்கிளேர் வழிகாட்டுகிறார். அழகான விளக்கம், மறுக்கவில்லை. சடங்கின் பொருள் நம்பிக்கையாளர் ஏற்பதில் இருக்கிறது. ஜீகார் ஏற்றார், முடிந்தது. ஆனால் கப்பல்துறையின் பழுதான கருவி எந்த விளக்கத்தையும் ஏற்றுக்கொள்ளாது. இரண்டு சிக்கல்களுக்கும் ஒரே சாவி என்று அத்தியாயம் நம்மை நம்பவைப்பதுதான் அதன் தந்திரம்.

இக்கதை எழுந்த சூழலையும் மறக்கலாகாது. 1981 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு ஊழியர்கள் என்பதால் அதுவும் சட்டவிரோதம். 48 மணி நேரக் கெடு விதித்து, திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரை ரேகன் பணிநீக்கினார். சங்கம் அங்கீகாரம் இழந்தது. அவர்களை மீண்டும் பணியில் சேர்க்கக்கூடாது என்ற தடையைக் கிளின்டன் விலக்கியது 1993 ஆகஸ்டில். இந்த அத்தியாயம் வெளிவந்தது அடுத்த மே மாதத்தில். அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்கு இது என்ன ஆறுதலைத் தந்திருக்கும் என்பது விளங்கவே செய்கிறது: ரேகனின் இடத்தில் ஒரு நல்லவர் இருந்திருந்தால்! ஆறுதல் என்ற அளவில் அதை ஏற்கலாம். அதை அரசியலாகப் பாடம் நடத்துவதைத்தான் ஏற்க இயலவில்லை.

நம் நாட்டு மாணவருக்கு இது தொலைதூரச் செய்தியும் அன்று. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் அமர்ந்தனர். நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு. வேலை திரும்பியது, உரிமை திரும்பவில்லை. சின்கிளேரின் பொதுமன்னிப்புக்கும் இதற்கும் தொனியில் வேறுபாடு உண்டு, அமைப்பில் இல்லை.

‘பணம் வந்தது உண்மைதானே, அடுத்த தொழிலாளியின் உயிர் பிழைக்குமே’ என்று கேட்கும் நண்பர்களுக்கு: ஆம், உண்மை. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். நான் அறிந்த ஒரு வளாகத்தில் ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றபோது, நல்ல அதிகாரி ஒருவர் வேறொரு தலைப்பிலிருந்து நிதியை மாற்றி வழங்கினார். விடுதிக் கட்டணம் கட்டினோம், நன்றியும் சொன்னோம். அடுத்த ஆண்டு அவர் மாற்றலாகிப் போனார். நிலுவை மறுபடி தொடங்கியது. முந்தைய முறை கூடிய கூட்டத்தில் பாதிகூட இம்முறை கூடவில்லை. இன்னொரு நல்லவர் வருவார் என்று காத்திருக்கப் பழகியிருந்தோம்.

சின்கிளேரும் மாற்றலாகிப் போனவர்தான். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே நிலையத்தில் அவர் இல்லை. புதிய தளபதி ஷெரிடன் வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் ‘எ ரேஸ் த்ரூ டார்க் பிளேசஸ்’ என்றோர் அத்தியாயம் உண்டு. ஷெரிடனும் இவானோவாவும் குடியிருக்கும் அறைகள் அளவில் பெரியவை, ஆகவே கூடுதல் வாடகை தரவேண்டும் என்று பூமியிலிருந்து உத்தரவு வருகிறது. ஷெரிடன் என்ன செய்கிறார்? போர் ஆயத்த நிதியிலிருந்து 60 கிரெடிட்டை எடுத்து வாடகைக் கணக்கில் வைக்கிறார். நன்றாக உறங்காவிட்டால் தாம் போருக்கு ஆயத்தமாக இருக்க இயலாது என்பது அவர் தரும் விளக்கம்! சின்கிளேர் திறந்த அதே கதவு, இங்கே அதிகாரிகளின் அறை வாடகைக்குத் திறக்கிறது, நாமும் சிரிக்கிறோம்.

அடுத்த முறை திரையிடுவோர் இவ்விரண்டு அத்தியாயங்களையும் ஒரே மாலையில், அடுத்தடுத்துத் திரையிட வேண்டுகிறேன். விவாதத்திற்கு நான் வருகிறேன்.