காலண்டரில் இல்லாத பிப்ரவரி 29

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் அதைத் திறந்து, ஏதேனும் ஒரு செல்லில் 60 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். மீண்டும் அந்த செல்லுக்குச் சென்று கண்ட்ரோல் கீயுடன் 1 எண்ணை அழுத்தினால் பார்மட் செல்ஸ் விண்டோ கிடைக்கும். அதில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். விண்டோஸ் எக்செல்லில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 29 என்ற தேதி வரும். அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. 1900 லீப் ஆண்டு அல்ல.

"நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்றுதானே பள்ளியில் படித்தோம்?" என்று கேட்பீர்கள். அது பாதி விதிதான். பருவங்கள் ஒரு சுற்று முடிய சுமார் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகிறது. மிச்சமாகும் இந்த ஐந்தே முக்கால் மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் நூறு ஆண்டுகளில் காலண்டர் 24 நாட்கள் பிசகிவிடும். அதற்காகத்தான் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாளைச் சேர்க்கிறோம். ஆனால் முழு நாளாகச் சேர்ப்பதால் ஆண்டுக்கு 11 நிமிடத்துக்குச் சற்று மேல் கூடிவிடுகிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45ல் நடைமுறைப்படுத்திய காலண்டரில் இந்த 11 நிமிடத்துக்கு வழி இல்லை. அது சேர்ந்து சேர்ந்து பல நாட்களாகிவிட்டதால்தான் 1582ல் போப் 13ஆம் கிரிகோரியின் ஆணைப்படி அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. இந்த 11 நிமிடக் கணக்கு 400 ஆண்டுகளில் சுமார் 75 மணி, அதாவது மூன்று நாளும் மூன்று மணியும். எனவே 400 ஆண்டுகளில் மூன்று லீப் நாட்களை விட்டுவிட வேண்டும். 1600, 2000 லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 அல்ல. 2100ம் அல்ல. (மிஞ்சும் மூன்று மணியை நம் கொள்ளுப்பேரன்களுக்குப் பிறகு வருபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்!)

எக்செல்லுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 73109 என்று கொடுத்து தேதியாக மாற்றுங்கள்: 2100 பிப்ரவரி 28. 73110 கொடுங்கள்: மார்ச் 1. சரியான விடை. 1900ல் இருக்கும் பிழை எக்செல்லுக்கு முன் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 சாப்ட்வேரிலிருந்து வந்தது. லோட்டஸில் தயாரித்த கணக்குகள் எக்செல்லிலும் அதே எண்களுடன் திறக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அதை வைத்துக்கொண்டார்கள். இன்று திருத்தினால் உலகில் உள்ள ஒர்க்‌ஷீட்களில் எல்லாம் தேதிகள் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பது மைக்ரோசாப்ட் சொல்லும் காரணம். நியாயம்தான். ஆனால் முதலில் விதியைப் பாதியாக எழுதியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சாப்ட்வேர் எழுதும் எங்களில் பலர், "1901 முதல் 2099 வரை நான்கால் வகுத்தாலே போதுமே" என்பார்கள். இந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு பாலிசி போடும் புரோகிராம் 2100ஐத் தாண்டியும் கணக்கிட வேண்டியிருக்காதா? இத்தனைக்கும் முழு விதியை எழுத இரண்டு வரி கூடுதலாகப் போதும்.

நஷ்டம் நூறு ஆண்டு கழித்துத்தான் வரும் என்றும் இல்லை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாப்டின் 30 ஜிபி சூன் மியூசிக் பிளேயர்கள் அப்படியே உறைந்து நின்றன. லீப் ஆண்டின் 366ஆம் நாளில் என்ன செய்வது என்பது அதன் கடிகார புரோகிராமில் சரியாக எழுதப்படாததால், அது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரும் வரை விட்டுவிட்டு மறுநாள் சார்ஜ் செய்யுங்கள் என்பதுதான் கிடைத்த தீர்வு! 2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனத்தின் அஷூர் சேவை முடங்கியது. ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழுக்கு ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டி, 2013 பிப்ரவரி 29 என்று முடிவு தேதி போட்டிருந்தார்கள்.

கடைக்கோ வீட்டுக்கோ பில்லிங், வட்டிக் கணக்கு சாப்ட்வேர் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் 29-2-2100 என்று ஒரு தேதியை உள்ளிட்டுப் பாருங்கள். மறுக்காமல் ஏற்றுக்கொண்டால், விற்பவரிடம் 29-2-2028ல் வாங்கிய ஓராண்டுக் கடனுக்குத் தவணை தேதி என்ன காட்டுகிறது என்றும் கேளுங்கள்.